ஒரு ரெப்போ, ஏழு பேர், ஒரு 'க்'

கிட்டில் கிளை என்பது 41 பைட் மட்டுமே உள்ள ஒரு குட்டிக் கோப்பு. ஒரு கமிட்டின் 40 எழுத்து அடையாளம், பின்னால் ஒரு வரிமுடிவு, அவ்வளவுதான். புதுக் கிளை தொடங்கினால் முழுக் களஞ்சியமும் பிரதியாகி வேறொரு ஃபோல்டருக்குள் போகும் என்றுதான் முதலில் கேட்கிற எவருக்கும் தோன்றும். அப்படி ஒன்றும் நடக்காது. எங்களில் ஒருவன் நம்பாமல் '.கிட்' என்ற ஒளிந்த ஃபோல்டருக்குள் போய், அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து எழுத்தெழுத்தாக எண்ணிப் பார்த்தான். 40தான். "இதுக்கா இவ்வளவு கதை?" என்று கேட்டான்.

கதை அந்த 41 பைட்டில் இல்லை என்று விளங்க எங்களுக்குச் சில மாதங்கள் எடுத்தன.

நாங்கள் ஏழு பேர். திருமலை டவுன், கிண்ணியா, மூதூர், சம்பூர், சீனக்குடா என்று துறைமுகத்தைச் சுற்றி இருக்கிற ஆட்கள். செய்கிற வேலையும் அந்தத் துறைமுகத்தைச் சுற்றினதுதான். இங்குள்ள இடங்களின் பெயர்களைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு பட்டியலாகச் சேர்க்கிறோம். ஊர்ப்பெயர் மட்டும் இல்லை. குளம், வயல்வெளி, சந்தி, தோணி இழுத்துவிடுகிற துறை, பழைய ஆட்கள் மட்டும் சொல்லுகிற பெயர், எல்லாம். ஒவ்வொரு பெயரும் ஒரு வரி. யாரிடம் கேட்டோம் என்பதற்கு ஒரு நிரல். சி.எஸ்.வி. கோப்புதான், பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் கிடையாது.

பெயர் சேர்க்கிறது லேசான வேலை மாதிரித் தெரியும். ஒரு பெயரை எடுங்கள்: சீனக்குடா. சிலர் சீனன்குடா என்கிறார்கள். ஆங்கிலத்தில் சைனா பே. சிங்களத்தில் சீன வராய. 'வராய' என்றால் துறைமுகம். ஒரே தண்ணீரைப் பார்த்து ஒரு மொழி குடா என்கிறது, மற்றது துறைமுகம் என்கிறது. இதில் எதையும் எதனுடைய மொழிபெயர்ப்பு என்று போட முடியாது. மகாவலி வந்து விழுகிற கொட்டியாரக் குடா இன்னொன்று. 1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயன் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டது அந்தக் கரையில்தான். 1681இல் வந்த அவனுடைய புத்தகத்தில் அந்தப் பெயர் அவனுக்குக் கேட்ட மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. அதையும் ஒரு வடிவமாகச் சேர்க்கிறதா, வேண்டாமா? இப்படி ஒவ்வொரு வரிக்கும் ஒரு வழக்கு.

முதலில் பட்டியல் வட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியாக அனுப்பினவரின் பிரதிதான் சரி என்பது சட்டம். அந்தச் சட்டம் எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. "மச்சான், எங்கட உம்மம்மா சொன்ன பேரை ஆருடா அழிச்ச?" என்று கிண்ணியா நண்பன் இரவு 11 மணிக்கு வொய்ஸ் மெசேஜ் போடுவான். அழித்தவர் என்று ஒருவரும் இருக்கமாட்டார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு பிரதியில் வேலை செய்திருப்பார்கள், அவ்வளவுதான்.

பிறகு 2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்து 99 எண்ணெய்த் தாங்கிகளும் சீனக்குடாப் பக்கம் நிற்க, நாங்கள் பெட்ரோல் வரிசையில் நின்றோம். 2009இல் திறந்த பாலத்தால் கிண்ணியா டவுனுக்கு எவ்வளவோ கிட்ட வந்துவிட்டது. ஆனால் பைக்கில் எண்ணெய் இல்லாதவனுக்குப் பாலம் என்ன, படகு என்ன. ஒன்றாக இருந்து வேலை செய்ய முடியாது, நெட்டில் தொடர்ந்து இருக்கவும் முடியாது. இந்த நிலைக்குத்தான் கிட் பொருந்தியது. உங்களுடைய லப்டொப்பிலேயே முழு வரலாறும் இருக்கிறது. லைன் இல்லாத நேரத்திலும் கமிட் போடலாம், கிளை தொடங்கலாம், பழையதைத் திரும்பிப் பார்க்கலாம். பேட்டரி இருக்கும்வரை வேலை. சிக்னல் கிடைக்கிறபோது ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் ஒரு புஷ்.

சொல்லித் தந்தது எங்களில் மூத்த அக்கா. கொழும்பில் ஒரு கம்பனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர். உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடினோம். முதல் நாள் கட்டளை ஒன்றும் சொல்லித் தரவில்லை. இரண்டு கேள்விதான் கேட்டார். "நாளைக்கு ஆரும் இந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், நாங்க எல்லாரும் ஒத்துக்கொண்டது எது எண்டு தெரியவேணுமா இல்லையா? நாங்க இன்னும் கதைச்சுக்கொண்டிருக்கிறது எது எண்டு தெரியவேணுமா இல்லையா?" தெரியவேணும் என்றோம். "அப்ப முதலாவது மெயின். ரெண்டாவது கிளை. மிச்சம் எல்லாம் டைப்பிங்."

இதைவிட நல்ல விளக்கத்தை நாங்கள் இன்னும் எந்த யூடியூப் காணொளியிலும் பார்க்கவில்லை. அங்கே எல்லாரும் வண்ண வண்ணமாக வட்டமும் கோடும் வரைகிறார்கள். கோடு எங்கிருந்து பிரிகிறது, எங்கே சேருகிறது என்று காட்டுகிறார்கள். எதற்காகப் பிரிகிறது என்று சொல்கிறவர்கள் குறைவு.

அந்த டைப்பிங் இதுதான். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும், இங்கே ஒலியை எழுதுகிறோம். 'கிட் ஸ்விச்', ஒரு இடைவெளி, 'சிறுகோடு சி', பிறகு கிளையின் பெயர். புதுக் கிளை தொடங்கி அதற்குள் உங்களைக் கொண்டுபோய் விடும். பழைய பாடங்களில் 'செக்அவுட்' என்று இருக்கும். அதுவும் வேலை செய்யும். ஆனால் செக்அவுட் கிளையும் மாற்றும், கோப்பையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் என்பதால் ஆட்கள் குழம்பினார்கள். 2019இல்தான் 'ஸ்விச்' தனியாக வந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஸ்விச்சோடே போங்கள். கிளைக்குள் கமிட், பிறகு புஷ், பிறகு கிட்ஹப்பில் ஒரு புல் ரிக்குவெஸ்ட். 'நான் இதைச் செய்திருக்கிறன், பார்த்து மெயினில சேருங்கோ' என்ற விண்ணப்பம். மெயினுக்கு ஒரு பூட்டும் போட்டோம். இன்னொருவர் சரி என்று சொல்லாமல் எதுவும் உள்ளே போகாது. அதை கிட்ஹப்பின் செட்டிங்கிலேயே செய்யலாம். அந்த இன்னொருவர் வேறு ஊர்க்காரராக இருக்கவேண்டும் என்பது நாங்களாக வைத்த சட்டம். அதற்கு செட்டிங் இல்லை, நம்பிக்கைதான்.

பிராஞ்சுக்குத் தமிழில் என்ன சொல்லுகிறது என்றும் கொஞ்சம் இழுபட்டோம். 'பிரிவு' என்று ஒரு ஆலோசனை வந்தது. மாடி வீட்டு மாமா தேத்தண்ணி கொண்டுவந்தபோது இது காதில் விழுந்து சிரித்தார். "பிள்ளையள், இந்த ஊரில அந்தச் சொல்லை மட்டும் விட்டிடுங்கோ." கிளை என்றே வைத்துக்கொண்டோம். பழந்தமிழில் கிளை என்றால் உறவினரும்தான் என்று தமிழ் படித்தவள் சொன்னாள். அதையும் யாரோ உடனே கோப்பில் ஒரு குறிப்பாகச் சேர்க்கப் பார்த்தார்கள். விடவில்லை.

இனித் தமிழால் வந்த தலையிடிகள். இதை ஆங்கிலப் பாடங்களில் தேடினால் கிடைக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலாவது, கோப்பின் பெயர். 'இடங்கள்' என்று தமிழிலேயே பெயர் வைத்துவிட்டு 'கிட் ஸ்டேட்டஸ்' பார்த்தால் \340\256\207 என்று ஒரு இலக்க மழை. வைரஸ் என்று ஒருவன் லப்டொப்பை மூடியே விட்டான். அது வேறொன்றுமில்லை, 'இ' என்ற எழுத்தின் மூன்று பைட். ஆங்கிலம் அல்லாத பெயர்களை கிட் இயல்பாகவே இப்படித்தான் காட்டும். 'கோர் டொட் கோட்பாத்' என்ற அமைப்பை 'ஃபோல்ஸ்' என்று மாற்றினால் தமிழ் தமிழாகத் தெரியும்.

இரண்டாவது இதைவிட விசேஷம். மெயினில் 'கொட்டியாரம்'. மூதூர்க் கிளையிலும் 'கொட்டியாரம்'. மேர்ஜ் செய்யப் போனால் முரண் என்கிறது. அம்புக்குறிகளுக்கு நடுவே இரண்டு வரியையும் மேலும் கீழுமாகக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கிறது. இரண்டும் ஒன்று! எழுத்தெழுத்தாக வாசித்தோம். ஒன்றேதான். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: 'க'வுக்குப் பின்னால் ஒகரக் குறியை ஒரே துண்டாகவும் வைக்கலாம், கொம்பு தனியாக, கால் தனியாக இரண்டு துண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே இராது. மூதூரிலிருந்து வந்த பகுதி பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய பத்திரங்களை மாற்றி எடுத்தது. அந்த வழியால் இரண்டு துண்டு வடிவம் வந்திருந்தது. கிட் எழுத்தை வாசிக்கிறதில்லை, பைட்டை ஒப்பிடுகிறது. அதில் அதற்கு எந்தக் குறையும் சொல்ல முடியாது. கமிட்டுக்கு முன் எல்லாத் தமிழையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிற நாலு வரி பைத்தன் ஸ்கிரிப்ட் ஒன்றை அக்கா எழுதித் தந்தார். தமிழில் கூட்டாக எதையும் கிட்டில் எழுதப் போகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். 'கொ', 'கோ', 'கௌ' வருகிற எந்தச் சொல்லும் இப்படி உங்களை ஒருநாள் நடுச்சாமத்தில் இருத்தி வைக்கும்.

இதெல்லாம் கருவியின் சிக்கல். சம்பூர்க் கிளையில் வந்தது வேறு.

சம்பூர் சனம் 2006இல் இடம்பெயர்ந்தது. சொந்தக் காணிக்குத் திரும்பத் தொடங்கியது 2015இல், அதுவும் ஒரே தடவையில் இல்லை. இடையில் கிட்டத்தட்டப் பத்து வருசம். பத்து வருசம் ஆள் நடக்காத இடத்தில் என்ன ஆகும்? எல்லை தெரியாமல் போகும், பாதை மூடிவிடும். பெயரும் போகும். ஊரின் பெயர் போகாது, அது வரைபடத்தில் இருக்கிறது. வரைபடத்தில் ஒருநாளும் இல்லாத பெயர்கள் போய்விடும். இந்தக் கிணற்றடி, அந்த மடு, மாடு சாய்க்கிற வெளி. எங்களோடு இருக்கிற சம்பூர்ப் பிள்ளையின் அம்மம்மாவுக்கு அவை ஞாபகம். வேறு யாருக்கு ஞாபகம் என்றால், விரல்விட்டு எண்ணலாம்.

அவள் அம்மம்மாவிடம் கேட்டுக் கேட்டுத் தன் கிளையில் எழுதினாள். நேரே மெயினுக்குக் கொண்டுவர அவளே விரும்பவில்லை. "அம்மம்மா ஒரு நாள் ஒண்டு சொல்லுறா, அடுத்த கிழமை இல்லை அது இங்கால எண்டுறா. இன்னொராள் வந்து சொன்னாத்தான் நான் மெயினில போடுவன்." ஒரு பெயருக்கு இரண்டு மூத்தவர்கள். இது அவள் தனக்குத்தானே வைத்த கணக்கு. அந்த இரண்டாவது ஆள் ஒருவர் நிலாவெளியில், ஒருவர் மட்டக்களப்பில். போய்க் கேட்கப் பஸ் வேணும், லீவு வேணும். கிளை நாலு மாதம் திறந்தே கிடந்தது.

அந்த நாலு மாதத்தில் மெயின் சும்மா இருக்கவில்லை. சிங்கள நிரலைப் பார்க்கிற நண்பன், சிங்களப் பெயர் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கும் தனி நிரல் வேண்டும் என்றான். நியாயமான கேள்வி. அதுவரை தமிழுக்கு மட்டும்தான் அப்படி ஒன்று இருந்தது. எல்லாரும் பார்த்து, சரி சொல்லி, அது மெயினில் சேர்ந்தது. ஆனால் சி.எஸ்.வி.யில் ஒரு நிரல் கூடினால் கோப்பின் ஒவ்வொரு வரியும் மாறும். சம்பூர்ப் பிள்ளை தன் கிளையைக் கொண்டுவந்த அன்று, அவள் கை வைத்த வரி எல்லாவற்றிலும் முரண். திரை முழுக்க அம்புக்குறி. "என்ட அம்மம்மாட பேர் எல்லாம் போச்சா?" என்று கேட்டாள். குரல் உடைந்திருந்தது.

போகவில்லை. கமிட் ஆனது லேசில் போகாது. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொன்னால் கேட்கிற நிலையில் அவள் இல்லை. அக்கா மேர்ஜை நிறுத்தி, 'அபோர்ட்' போட்டு, அவளுடைய கிளை அப்படியே இருப்பதை முதலில் திறந்து காட்டினார். கோப்பு வந்தது, பெயர்கள் வந்தன. பிறகுதான் விளக்கம்.

இதில் யாரும் பிழை செய்யவில்லை என்பதைத்தான் எங்களுக்கு ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது. நிரல் சேர்த்தவன் செய்ததும் சரி, பெயர் சேர்த்தவள் செய்ததும் சரி. முரண் என்ற சொல்லைப் பார்த்ததும் யார் குற்றவாளி என்று தேடுகிற பழக்கம் எங்களுக்கு. கிட் சொல்ல வருவது அது இல்லை. 'நீங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள், எனக்கு முடிவெடுக்கத் தெரியாது, வந்து இருந்து கதையுங்கள்' என்கிறது. இரண்டு பேரும் இருந்தார்கள். மெயினில் செய்த அதே நிரல் சேர்ப்பை அவளுடைய கிளையிலும் அப்படியே செய்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாற்றம் என்றால் கிட்டுக்குப் பிரச்சினை இல்லை, பெரும்பாலான முரண்கள் தாமாகவே கரைந்தன. மிச்சம் இருந்தவற்றை ஒவ்வொன்றாக வாசித்துத் தீர்த்தார்கள். சம்பூர் வரிகளை முதல் தடவையாக முழுதாக வாசித்த வெளியாள் அவன்தான். ஒரு மடுவின் பெயரில் நின்று, "இதே மாதிரிச் சொல் எங்களிட்டயும் இருக்கு, அக்கே" என்றான். அக்காவைப் பார்த்துத்தான் சொன்னான். அந்தக் குறிப்பும் இப்போது பட்டியலில் இருக்கிறது.

அதற்குப் பிறகு கோப்பை ஊருக்கொன்றாகப் பிரித்தோம். திறந்திருக்கிற ஒவ்வொரு கிளைக்குள்ளும் ஞாயிற்றுக்கிழமை மெயினை இழுத்துக்கொள்வது என்றும் வைத்தோம். கிளை நீளலாம், தூரப் போகக்கூடாது.

தூரப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையையும் அடித்தது. அந்தச் சில நாட்களிலேயே கொழும்பில் மென்பொருள் துறைத் தன்னார்வலர்கள் காணாமல் போனவர்களைப் பதியவும், முகாம்களையும் உதவி நிறுவனங்களையும் ஒழுங்கு செய்யவும் ஒரு மென்பொருளைத் தொடங்கினார்கள். பெயர் சகானா. தமிழில் கேட்டால் ராகம் ஞாபகம் வரும், சிங்களத்தில் நிவாரணம். லங்கா மென்பொருள் அறக்கட்டளை அதைத் திறந்த மூலமாக வளர்த்தது. 2006க்கான சமூக நலத் திட்ட விருதை கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்குக் கொடுத்தது. அதற்கு முந்தின வருசம் அதே விருது விக்கிப்பீடியாவுக்கு. எங்கள் வயதில் பலருக்கு இது தெரியாது, பாடசாலையில் யாரும் சொல்லவும் இல்லை.

இன்னொரு பொருத்தம்: லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டைத் தொடங்கியது 2005 ஏப்ரலில், சகானா பிறந்து சில மாதத்துக்குள். லினக்ஸ் ஆட்கள் பாவித்துவந்த பிட்கீப்பரின் இலவச அனுமதி இல்லாமல் போனதால் அவசரமாக எழுதியது. இரண்டுமே அந்தரத்தில் பிறந்த பிள்ளைகள்.

சகானா பி.எச்.பி.யில் எழுதப்பட்டது. பிறகு பைத்தனில் ஈடன் என்று ஒன்று வளர்ந்தது, 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் பாவிக்கப்பட்டது அதுதான். பி.எச்.பி. பக்கமும் அகஸ்தி, வெசூவியஸ் என்று தனித்தனி வழியில் போனது. ஒரே பெயர், ஒரே நோக்கம். ஆனால் இந்தப் பக்கத்து வரியை அந்தப் பக்கத்தில் மேர்ஜ் செய்ய வழியே இல்லை, மொழியே வேறு. அதைத் தோல்வி என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஒவ்வொன்றும் எங்கோ ஒரு பேரிடருக்கு உதவியிருக்கிறது. ஆனால் அது கிளை இல்லை, வேறு மரம். எங்கள் பட்டியல் அப்படி மூன்று மரமாகப் போயிருந்தால், தமிழுக்கொரு பட்டியல், முஸ்லிம் ஊர்களுக்கொன்று, சிங்களத்துக்கொன்று என்றுதான் நின்றிருக்கும். அப்படிப்பட்ட பட்டியல்கள் இங்கே ஏற்கெனவே நிறைய.

கடைசியாக அந்த 'க்'.

நகரின் பெயர் திருகோணமலையா, திருக்கோணமலையா? அரச கடிதத் தலைப்பில் 'க்' இல்லை. ஆனால் திருக்கோயில், திருக்குறள், திருக்கேதீச்சரம் என்று எங்கும் 'க்' வருகிறபோது இங்கு மட்டும் ஏன் இல்லை என்று தமிழ் படித்தவள் கேட்கிறாள். சம்பந்தர் தேவாரத்தில் கோணமாமலை. அதற்கு முன்னால் திரு வந்தால் 'க்' வந்தே ஆகவேண்டும் என்கிறாள். கிண்ணியா நண்பன் விடவில்லை. "அது திரு இல்லை, திரி. மூண்டு கோணம். சிங்களத்திலயும் திரிகுணாமலய எண்டுதானே வருது. அதோட, ஊர்ச்சனம் என்னெண்டு எழுதுதோ அதுதான் பேர். பேருக்கு நீ ஆரு இலக்கணம் படிப்பிக்க?" இரண்டு பக்கத்துக்கும் ஆள் உண்டு. ஒரு கூட்டம் முழுக்க இதிலேயே போனது. யன்னலால் பார்த்தால் பிறிமா மாவாலைக்கு வந்த கோதுமைக் கப்பல், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நின்றுகொண்டிருந்தது.

அவள் ஒரு கிளை தொடங்கி, பெயர் வருகிற இடமெல்லாம் 'க்' சேர்த்து, காரணங்களையும் எழுதி, புல் ரிக்குவெஸ்ட் போட்டாள். அதற்குக் கீழே இதுவரைக்கும் நடந்த வாதம்தான் எங்கள் ரெப்போவிலேயே நீளமான எழுத்து. சிலர் இரண்டையும் இரண்டு நிரலில் போட்டு முடிக்கலாம் என்றார்கள். முதல் நிரலில் எது என்ற கேள்வி அப்போதும் இருக்கும் என்று அவள் பதில் எழுதினாள். அது உண்மை.

மேர்ஜ் ஆகவில்லை, மூடப்படவும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சோதனை என்பதால் தன் கிளையைப் பார்க்க நேரமில்லை. திங்கட்கிழமை திறந்து பார்த்தால், மெயினில் புதிதாகச் சேர்ந்த ஊர்கள் எல்லாம் அந்தக் கிளைக்குள் இழுக்கப்பட்டு, புது வரிகளிலும் ஒன்று விடாமல் 'க்' போடப்பட்டிருந்தது. கமிட் போட்டது யார் என்று பார்த்தாள். கிண்ணியாக்காரன்.